எதிர்த்து நிற்பவர்

...சம்மதம் என்று ஒரே ஒரு வார்த்தை, அதை எழுதி அனுப்புவதற்கு என்ன கேடு வந்தது, காலையிலிருந்து எத்தனை தடவை போனைக் கையில் எடுத்தாயிற்று, எடுத்த கையோடு கீழே வைத்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை குறுக்கே வந்து நின்றது, வராதபோது மைதிலியே ஒரு வேலையைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள், நாமக்கல்லில் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதிலிருந்து முன்னால் போகிற கோழி லாரியை முந்தாமல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே புதுச்சத்திரம் வரை வந்ததுகூட அப்படிக் கூப்பிட்டுக்கொண்ட வேலைதான். கூண்டுகளிலிருந்து வெள்ளை இறகு பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டுகிறது, வைப்பரைப் போட்டால் ஈரத்தில் இன்னும் நன்றாக அப்பிக்கொள்கிறது, முந்திப் போய்விட்டால் தீர்ந்தது, நான்கு வழிச் சாலையில் இடமா இல்லை... ஆனால் முந்தினால் பனமரத்துப்பட்டி சீக்கிரம் வந்துவிடும், பனமரத்துப்பட்டி வந்தால் தீனதயாளன் வீடு வந்துவிடும், அந்த வீட்டுக்குள் அனுப்பியவளாக நுழைவதா, அனுப்பாதவளாக நுழைவதா என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அனுப்பினால் அதற்கு மதிப்பில்லை. அதற்குள் அனுப்பினால் ஜெயித்துவிடுவாள். காலமெல்லாம் செத்த கோழிகளை அறுத்துப் பார்த்து இன்ன நோய் என்று சொன்ன கைக்கு, உலகம் முழுவதற்குமான ஒரு சங்கத்தின் ஆட்சிக்குழுவில் ஓர் இடம். வேண்டாமா? வேண்டும். வேண்டும் என்றுதானே தேர்தலில் நின்றாள். பிறகு ஏன் கை வர மாட்டேன் என்கிறது?

பன்னாட்டுக் கோழி நோயியல் சங்கம் என்று தமிழில் சொன்னால் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவர்கூடச் சிரிப்பார், கோழிக்கு ஒரு சங்கமா, அதற்கு ஓர் எலெக்‌ஷனா என்று, சிரிக்கட்டும், எந்த வைரஸ் மாதிரியை வைத்துத் தடுப்பூசியைச் சோதிப்பது என்று அந்த ஆட்சிக்குழுதான் சொல்கிறது, அவர்கள் சொன்னதை வைத்துத்தான் இங்கே கம்பெனிகள் மருந்து விற்கின்றன, மருந்து போட்ட பண்ணையிலேயே வெள்ளைக்கழிச்சல் வந்து கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுகின்றன, விழுந்ததைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு விடிந்ததும் ஆய்வக வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். இந்த மண்ணின் வைரஸ் மாறிவிட்டது, எங்கள் மாதிரியையும் வைத்துச் சோதியுங்கள் என்று சொல்ல அந்தக் குழுவில் ஓர் ஆள் வேண்டும், ஆசியாவுக்கு என்று இருக்கிற ஓர் இடம் இந்தத் தடவை காலியானது, அதற்கு நின்ற இரண்டு பேரும் நாமக்கல்காரர்களாகப் போனார்கள், இந்தியாவில் வேறு ஊரே கிடையாதா என்று பாங்காக்கிலிருந்து ஒருவர் கேலியாகக் கேட்டு எழுதியிருந்தார். இரண்டு பேரில் ஒருத்தி மைதிலி. இன்னொருவர் தீனதயாளன், கால்நடைக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர், பிறகு ஒரே துறையில் வேலை பார்த்தவர். ஓட்டுப்போட மூன்று வாரம், எல்லாம் இணையத்தில், இரண்டாவது வாரம் மேட்டூரில் ஏதோ கூட்டத்துக்குப் போனவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். வாட்ஸ்அப்பில் இரங்கல் ஓடியது, தமிழில், அதைக் கெய்ரோவில் யார் படிப்பது? தேர்தலை நடத்துகிற மார்க்ரீட் என்ற டச்சுக்காரி மிகவும் வருந்தி எழுதினாள். சங்கத்தின் விதி இப்படி இருக்கிறதாம், வேட்பாளர் தானாகக் கடைசி நாள்வரை விலகலாம், ஆனால் வாக்குப்பதிவு நடக்கும்போது எந்த வேட்பாளரைப் பற்றியும் தலைமையகம் வாய் திறக்கக் கூடாது, இறந்த செய்தியே ஆனாலும், எதிர் வேட்பாளர் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் அறிவித்துப் பெயரை எடுக்க முடியும், எடுத்தால் நீங்கள் போட்டியின்றித் தேர்வு, எடுக்காமல் அவர் ஜெயித்துவிட்டால் அந்த இடம் அடுத்த மாநாடுவரை, நான்கு வருடத்துக்கு, காலியாகவே இருக்கும். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன், அன்புடன். ஆக, இந்தப் பக்கத்தில் எரித்துச் சாம்பல் கரைத்த மனிதர் மற்ற எல்லா நாடுகளிலும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார், அவரை உட்காரச் சொல்ல வேண்டியவள் மைதிலி.

ஆண்டகளூர் கேட் வந்தபோது லாரி இடப்பக்கம் ஒதுங்கி டீக்கடையில் நின்றது, இனி சாக்கு இல்லை. பூ கேட்டதை நினைக்கக் கூடாது என்று தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறாள்... அது வெங்கடாசலம் சாருடைய யோசனை, ஓய்வுபெற்ற பேராசிரியர், சங்கத்தின் இந்தியக் கிளைக்குச் செயலாளர், வேறு நாட்டுக்காரர் யாராவது நின்றால் ஓட்டுப் பிரிந்து இரண்டு பேரும் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான், நம்மூர்ப் பால் சொசைட்டி எலெக்‌ஷனில் எப்படித் தீர்த்துக்கொள்கிறோமோ அப்படியே தீர்த்துக்கொள்ளலாம் என்றார், கிளம்புங்கள் கோயிலுக்கு என்றார். டாக்டர் பட்டம் வாங்கிய மூன்று பேர் ஒரு காரில் ஏறி, பரமத்திப் பக்கம் தீனதயாளனுடைய குலதெய்வமான செல்லாண்டியம்மனிடம் போய், உலக அறிவியல் சங்கத்துக்கு யார் நிற்பது என்று கேட்டார்கள் என்று மார்க்ரீட்டுக்குத் தெரிந்தால் அவள் எந்த விதியைத் தேடுவாளோ. பூசாரி ஈரமான வெள்ளை அரளியை அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டவைத்தார், வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சரி என்று அர்த்தம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம், தீனதயாளன் நிற்கலாமா என்று கேட்டார்கள், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், வலப்பக்கம் விழுந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று வெங்கடாசலம் சார் கும்பிட்டார். மைதிலியும் கும்பிட்டாள். ஆனால் திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையில் அவள் மூளை குடைந்துகொண்டே வந்தது, அவர் நிற்கலாமா என்றுதானே கேட்டோம், நான் நிற்கக் கூடாதா என்று யாரும் கேட்கவில்லையே, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொன்னால் அது என்ன சோதனை, மாணவன் இப்படி ஓர் ஆய்வைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்ப மாட்டேனா? அந்த வாரமே தாய்லாந்திலும் எகிப்திலும் தெரிந்த உறுப்பினர்களை முன்மொழியச் சொல்லித் தனியாக மனுப் போட்டுவிட்டாள். நல்ல வாதம். அம்மனே வந்து மறுத்தாலும் பதில் சொல்லக் கூடிய வாதம். என்ன, அந்த வாதம் இப்போது ராத்திரியில் தூங்கவிடுவதில்லை, வாக்கை மீறியது நான், போனது அவர், இது எந்த ஊர் நியாயம் என்று சாமியிடமே கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் எந்தத் தோளில் பூ வைப்பார்கள்?

சீச்சீ, ரத்தக்குழாய் அடைப்பு, வேறொன்றும் இல்லை, அறுபதை நெருங்கிய உடம்பு, ராத்திரியில் பொரித்த கோழி, நடைப்பயிற்சி கிடையாது, ஏன் செத்தது என்று சொல்வதுதானே தன் பிழைப்பு... ஆனால் இந்தச் சாவை அறுத்துப் பார்க்க முடியவில்லை. மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று எரியூட்டிய அன்றைக்கு ஆளாளுக்குச் சொன்னார்கள், தங்கமான மனிதர், யாருக்கும் விட்டுக்கொடுப்பவர். அதுதான், அந்த விட்டுக்கொடுப்பதுதான். கல்லூரியில் மாணவர் மன்றச் செயலாளருக்கு இரண்டு பேரும் நின்றார்கள், மைதிலி விடுதி விடுதியாகப் போய்ப் பேசினாள், சுவருக்குச் சுவர் காகிதம் ஒட்டினாள், நாளைக்கு ஓட்டு என்னும்போது தீனதயாளன் போய்ப் பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்து கை கொடுத்தார், வாழ்த்துகளுங்க மைதிலி. பிறகு துறைத் தலைவர் பதவி, அவருக்குத்தான் முறை, அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பண்ணை பண்ணையாகப் போகிற விரிவாக்கப் பணிக்கு மாறிக்கொண்டார், மைதிலிக்கு ஆய்வகம் வேண்டும், எனக்கு ஊர் சுற்ற வேண்டும் என்று சிரித்தார். வெள்ளைக்கழிச்சல் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று வந்தபோதும் அதே சிரிப்பு. ஊரே மெச்சியது. பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தால் அந்த இருக்கையில் அவர்களுடைய சூடு கொஞ்ச நேரம் இருக்குமே, மைதிலி உட்கார்ந்த இடமெல்லாம் அப்படித்தான் இருந்தது, சூடு ஆறவே இல்லை. நான் ஜெயித்திருப்பேனா, மாட்டேனா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் கடைசிவரை நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கேள்வியை யாரிடம் சொல்ல முடியும், சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள், கணவர் கந்தவேலிடம் ஒரு தடவை சொன்னாள், சும்மா கிடைத்ததை எதற்கு நோண்டுகிறாய் என்று கேட்டுவிட்டு அவர் டிவியின் ஒலியைக் கூட்டினார்.

அதனால்தான் இந்தத் தடவை அவள் மனுப் போட்ட மறுநாள் அவரே ஆய்வகத்துக்கு வந்தபோது அறுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள், பூவின் வாக்கை மீறிவிட்டாயே என்று கேட்பார் என்று நினைத்தாள், அல்லது அந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு நான் விலகிக்கொள்கிறேன் என்பார் என்று நினைத்தாள், இரண்டாவதுதான் அதிகம் பயமுறுத்தியது. அவர் அறுவை மேசையில் கிடந்த கோழியைப் பார்த்தார், ஈரலைக் கிளறிப் பார்த்தார், கையைக் கழுவினார், துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார், “நில்லுங்க மைதிலி. இந்தத் தடவை நான் ஒதுங்க மாட்டேனுங்க.” எத்தனை சந்தோஷமாக இருந்தது அன்றைக்கு. கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை என்று சொன்னால் அபத்தமாக இருக்கும், ஆனால் அதுதான் நிஜம், எதிரே ஒரு மனிதர் நகராமல் நிற்கிறார், அவருக்கு எதிராகத் தன்னிடம் இருக்கிற எல்லாவற்றையும் போடலாம், ஒளிக்க வேண்டியதில்லை. பிரேசிலுக்கு எழுதினாள், கென்யாவுக்கு எழுதினாள், வேட்பாளர் பேசுகிற இரண்டு நிமிட வீடியோவுக்குக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். அவருடைய வீடியோவைப் பார்த்துத் தன்னுடையதைத் திருத்தினாள். அவர் டை கட்டியிருந்தார், அது கொஞ்சம் கோணலாக இருந்தது, ஆங்கிலத்தில் பேசும்போதும் குரல் பனமரத்துப்பட்டிக் குரல்தான், பண்ணைக்காரர்கள் என்னிடம் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் உங்களிடம் வருகிறேன் என்று ஆரம்பிப்பார். ஓட்டுப்போடும் பக்கத்தைத் திறந்தாலே அது தானாக ஓடும். மைதிலி முதல் நாளே தன் ஓட்டைத் தனக்குப் போட்டுவிட்டாள், இருந்தும் தினமும் திறக்கிறாள், அவர் போன பிறகும் திறக்கிறாள், அவர் சாம்பலாகிவிட்டார், டை கோணல் மாறவில்லை, உங்களிடம் வருகிறேன், உங்களிடம் வருகிறேன்...

மல்லூருக்கு முன்னால் போன் அடித்தது, காரின் ஒலிபெருக்கி முழுவதும் வெங்கடாசலம் சார். “ஏனுங்கம்மணி, அனுப்பியாச்சுங்களா?” வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள். ஓரமாக நிறுத்திவிட்டு அனுப்புங்கள் என்றார், அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது, நியாயத்தை அவர் எப்போதும் ஒரே மூச்சில் சொல்லுவார், அயோத்தியாப்பட்டணத்தில் போன மாதம் ஒரு பண்ணையே காலியானது தெரியுமா, எருமப்பட்டியில் இன்னொன்று, அந்தக் குழுவில் நமக்கு ஆள் இல்லாமல் இன்னும் நான்கு வருடம் போனால் இங்கே பாதிப் பேர் கொட்டகையைப் பிரித்து விற்றுவிடுவார்கள், வெளிநாட்டுக்காரர்கள் பலருக்குத் தீனதயாளனைத்தான் தெரியும், தெரிந்தவருக்குப் போடுவார்கள், இறந்தவர் என்று தெரியாமல் போடுவார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “செத்தவருக்கு ஓட்டு உளுந்தா ஆருக்குங்க பிரயோசனம்? அவருக்குமில்லீங்க, நமக்குமில்லீங்க.” சரிங்க சார், அனுப்பிடறேன் என்றாள். அவர் பூவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். போன் வைத்த பிறகு பக்கத்து இருக்கையைப் பார்த்தாள், ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை, கைப்பையும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன, இருக்கை பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பையின் கனம்தான் காரணம், கம்பெனிக்காரன் அப்படித்தான் செய்திருக்கிறான், பையைத் தூக்கிப் பின்னால் போட்டாள். விளக்கு அணைந்தது, அணைந்ததும் ஏனோ அழுகை முட்டியது.

துக்கம் கேட்க இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று தீனதயாளன் மனைவி சித்ரா கேட்டால் என்ன சொல்வது? எரியூட்டிய அன்றைக்கு வந்து கூட்டத்தோடு நின்றாள், அதற்கப்புறம் செவ்வாய் வெள்ளியில் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு சாக்கு, மற்ற நாளில் ஆய்வகம் என்று ஒரு சாக்கு, நாளை மறுநாள் கருமாதி, இன்றைக்கும் வரவில்லை என்றால் ஊர் பேசும். வீட்டுக்குள் நுழைந்தபோது சித்ரா அதைக் கேட்கவில்லை. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பேச்சை எண்ணித்தான் பேசுவாள், தீனதயாளனுடைய மனைவியாக இருந்ததால் சிரிப்பை அவரிடமே விட்டுவிட்டாள் போல. மைதிலியைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் ஒரு பாட்டம் அழுதார்கள், மைதிலியின் அழுகை உண்மையான அழுகைதான், அதில் கலப்படம் இல்லை என்று அழுதுகொண்டே சோதித்துக்கொண்டாள், இப்படிச் சோதிக்கிற புத்தியை எங்கே போய் வைப்பது? சுவரோரம் மாலை போட்ட படம், விளக்கு, அந்தப் படத்திலும் வீடியோவில் இருக்கிற அதே டை, மகள் யுவஸ்ரீதான் சங்கத்துப் பக்கத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள், பெங்களூரிலிருந்து வந்திருக்கிறது பிள்ளை, பந்தல்காரரிடம் பேச வெளியே போயிருக்கிறதாம். கொஞ்ச நேரம் பொதுவான பேச்சு, கருமாதிக்கு யார் யாருக்குச் சொல்லியிருக்கிறது, சமையலுக்கு யார்... மைதிலியின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது, நாலேகால்.

“அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே” என்றாள் சித்ரா. யுவஸ்ரீ போனில் காட்டினாளாம், ஓட்டுப் பக்கத்தில் அவர் பெயர் அப்படியே இருக்கிறதாம், தொட்டால் பேசுகிறாராம், அம்மாவும் மகளும் முதல் நாள் பத்துத் தடவை கேட்டு அழுதார்களாம், பிறகு பயமாகிவிட்டதாம். எங்கேயோ கண் காணாத தேசத்தில் யாரோ இன்னும் அவர் வருவார் என்று நினைத்துப் பெயருக்கு நேராகக் குறி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், கருமாதி முடிந்த பிறகும் அவர் அங்கே இருந்தால் எப்படி? வெங்கடாசலம் சார் சொல்லித்தான் தெரியும், நீங்கள் எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடுவார்களாமே. “எடுத்துருங்கக்கா. ஒரு மனுசனப் போவ உடோணுமில்லீங்களா.” அனுப்பிவிடலாம், இதோ இங்கேயே, இவள் முன்னாலேயே, புண்ணியமாகப் போகும் என்று மைதிலி கைப்பைக்குள் கையை விட்டாள், விட்டது நிஜம், போன் விரலில் பட்டது. அப்போதுதான் சித்ரா அடுத்ததைச் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்கிற குரலில். “அவரே எடுக்கோணும்னுதானுங்க இருந்தாரு. மேட்டூர் போயிட்டு வந்து, கடசி நாளு வாபஸ் வாங்கிக்கறேன்னு சொன்னாரு. மைதிலிக்கே போவட்டும், அவுங்களுக்குத்தான் அதுல ஆசைன்னு சிரிச்சாருங்க.” விரல் போனை விட்டுவிட்டது. அப்படியா, என்றாள் மைதிலி. ஆமாங்கக்கா, உங்க மேல அவ்வளவு இதுங்க அவருக்கு, என்றாள் சித்ரா. மாலைக்குள்ளிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தச் சிரிப்போடு, மைதிலிக்கு உடம்பெல்லாம் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, செத்துப்போன மனிதர் மேல், அவருடைய மனைவி தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, வெட்கமில்லாத கோபம், ஒதுங்க மாட்டேன் என்று சொன்னீர்களே, கையைத் துடைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்துச் சொன்னீர்களே... அந்தச் சந்தோஷமும் பிச்சைதானா? அனுப்பிடறேன் சித்ரா, நீ கவலைப்படாத, என்று வாய் சொன்னது. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, அது நல்லதாகப் போயிற்று, எதுவும் சொல்லாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏரிக்கரை ஓரம் வண்டியை நிறுத்தினாள், ஏரி என்று பெயர்தான், கண்ணுக்கெட்டிய வரை சீமைக்கருவேலம், நடுவில் எங்கேயோ கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. மெயிலைத் திறந்தாள், எழுதினாள், அறிவிக்க எனக்குச் சம்மதம், கீழே தன் பெயர், எல்லாம் தயார், நாலரை தாண்டிவிட்டது. வெங்கடாசலம் சார் சொன்னது சரி, சித்ரா சொன்னது அதைவிடச் சரி, சாக்கோடு வாசலில் நிற்கிற பண்ணைக்காரர்களுக்கு இதைத் தவிர வேறு எதுவும் சரியில்லை, ஒருவர்கூட இவள் பக்கம் இல்லை, அம்மன்கூட இல்லை. அனுப்பினால் என்ன ஆகும், அவர் விட்டுக்கொடுத்த இன்னோர் இடத்தில் போய் உட்காருவாள், அவ்வளவுதானே, பழகியதுதானே, எல்லாரும் வாழ்த்துவார்கள், தங்கமான மனிதர், போகும்போதும் உங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார் பாருங்கள் என்று மேடையில் வெங்கடாசலம் சார் பேசுவார், அவளும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்... இல்லை. கொஞ்சம் பொறு. அவர் கொடுக்கவில்லையே? கொடுக்க நினைத்தார், மேட்டூர் போய்வந்து கொடுக்க நினைத்தார், வரவில்லை, சாவு வந்து கையைப் பிடித்துக்கொண்டது. வாபஸ் வாங்க வேண்டிய மனிதர் வாபஸ் வாங்காமல் நிற்கிறார். அவர் இனி ஒதுங்க முடியாது, சிரித்துக்கொண்டு கை கொடுக்க முடியாது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் பெயரும் தன் பெயரும் எதிரும் புதிருமாக நிற்கின்றன, தான் பேசாமல் இருந்தால் போதும், எண்ணிவிடுவார்கள். இந்தியாவில் நாலு பேர் இரக்கத்தில் போட்டிருக்கலாம், போகட்டும், மற்ற நாட்டுக்காரர்களுக்கு இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறவர்கள்தான். இது பாவம் என்று மைதிலிக்கு நன்றாகத் தெரிந்தது, அதை வேறு பெயரில் அழைக்க அவள் முயலவில்லை. கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது, ஒரு மொபெட்காரர் வேகத்தைக் குறைத்து, ஏனுங்க வண்டி நின்னுபோச்சுங்களா என்று கேட்டார், இல்லீங்க, போன் பேசறேன் என்றாள், அவர் போனார்.

ஐந்து மணி வந்தது, வந்ததே தெரியவில்லை, வெங்கடாசலம் சார் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார், எடுக்கவில்லை, மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. வாக்குப்பதிவு முடிந்தது, முடிவு நாளை அறிவிக்கப்படும் என்று சங்கத்திலிருந்து எல்லா உறுப்பினர்களுக்கும் போகிற தானியங்கி மெயில் வந்து விழுந்தது, தீனதயாளனுக்கும் போயிருக்கும். எழுதி வைத்திருந்ததை அழித்தாள். பயமா, சந்தோஷமா, இரண்டும்தான், நாளைக்குத் தெரிந்துவிடும், ஆயுசு முழுக்கத் தெரியாமல் இருந்தது நாளைக்கு இரண்டு எண்ணாகக் கண் முன்னால் வந்துவிடும், தன் எண் பெரிதாக இருந்தால்... இருந்தால் ஜெயித்தாள், சித்ராவின் முகத்தில் விழிக்க முடியாது, விழிக்காமல் ஜெயித்தாள், ஆட்சிக்குழு, நாற்காலி, பண்ணைக்காரர்களுக்கும் நல்லது, எல்லாம் நல்லது, அவருடைய பெயரை மரியாதையோடு எடுத்துவிடுவார்கள், வீடியோவும் போகும், இதற்கு மேல் எந்த இடத்துக்கும் எந்தத் தேர்தலிலும் அவர் வந்து நிற்கப் போவதில்லை. அவர் எண் பெரிதாக இருந்தால் அந்த நாற்காலி நான்கு வருடம் அவர் விட்டுக்கொடுக்காத இடமாகவே இருக்கும். வண்டியைக் கிளப்பச் சாவியைத் திருப்பிய கை பாதியில் நின்றது. உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள், எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, சாமியைத் துணைக்குக் கூப்பிடாதவள் யாரிடம் கேட்கிறாள் என்றும் தெரியவில்லை, அவர் ஜெயிக்கட்டும், அவர் ஜெயிக்கட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.